தெருவைக் குத்தகைக்கு விட்ட கதை



போன ஞாயிற்றுக்கிழமை கலிபோர்னியாவிலிருந்து நம் பழைய மாணவன் ஒருவன் கூப்பிட்டான். பத்தாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, வரலாற்றுப் பாடம் என்றாலே கொட்டாவி விட்டவன். இப்போது அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கி, ஓட்டும் போடுகிறான். காய்கறிக் கடை வாசலில் ஒரு அம்மாள் அட்டையில் செருகிய தாளை நீட்டி, "உங்கள் கவுன்சிலரைப் பதவியிலிருந்து இறக்க ஒரு கையெழுத்து போடுங்கள்" என்று கேட்டாராம். காரணம் என்னவென்றால், மின்சாரக் கம்பெனியோடு நகரம் போட்ட ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க அந்தக் கவுன்சிலர் ஓட்டுப் போட்டுவிட்டாராம். "சார், ஜெயிச்சு வந்தவரை நடுவுல இறக்க முடியுமா? கரண்ட் கம்பெனிக்கும் கவுன்சிலருக்கும் என்ன சார் சம்பந்தம்?" என்று கேட்டான்.

நல்ல கேள்வி. இருபது வருஷம் முன்னால் கேட்டிருந்தால் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, எழுதுகிறேன் என்றேன். எழுதினால் நீண்டுவிட்டது. காபியை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் அந்த ஒப்பந்தம். அங்கே அதை பிராஞ்சைஸ் என்பார்கள். இட்லிக் கடைக்கும் டீக்கடைக்கும் கம்பெனி பெயரை வாடகைக்கு எடுக்கிறார்களே, அந்த பிராஞ்சைஸ் இல்லை, இது வேறு. தெரு ஊருக்குப் பொது. அதில் நீங்கள் நடக்கலாம், வண்டி ஓட்டலாம். ஆனால் தெரு நடுவே தண்டவாளம் போட்டு டிராம் விட வேண்டும், ஓரமாகக் கம்பம் நட்டுக் கம்பி இழுக்க வேண்டும், அடியில் எரிவாயுக் குழாய் புதைக்க வேண்டும் என்றால் ஊரின் அனுமதி வேண்டும். அந்த அனுமதியை இத்தனை வருஷத்துக்கு, இன்னின்ன நிபந்தனையோடு என்று எழுதிக் கொடுப்பதுதான் பிராஞ்சைஸ். தமிழில் உரிம ஒப்பந்தம் என்று வைத்துக்கொள்வோம்.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்க நகரங்கள் எழுதிய இந்த ஒப்பந்தங்களில் சில நிபந்தனைகள் திரும்பத் திரும்ப வரும். டிக்கெட் 5 சென்ட்டுக்கு மேல் கூடாது. வசூலில் ஒரு பங்கு நகரத்துக்கு. தண்டவாளத்துக்கு நடுவிலும் இரண்டு பக்கமும் சாலையைக் கம்பெனியே செப்பனிட வேண்டும். எத்தனை வருஷம் என்பதுதான் இதில் பெரிய விஷயம். பத்து வருஷ ஒப்பந்தமென்றால், பத்து வருஷம் கழித்துக் கம்பெனி மறுபடி நகரத்தின் வாசலில் வந்து நிற்க வேண்டும். ஐம்பது வருஷமென்றால், கையெழுத்துப் போட்டவரும் இருக்க மாட்டார், வாங்கியவரும் இருக்க மாட்டார். அவர்கள் பேரப்பிள்ளைகள் கட்டணம் கட்டிக்கொண்டிருப்பார்கள். நம் சென்னையிலும் 1895இல் மின்சார டிராம் வந்தது. அதுவும் கம்பெனி ஓட்டியதுதான். 1953இல் நின்றுபோனது. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள், மணி அடித்துக்கொண்டு போன அந்த வண்டியைப் பற்றிச் சொல்வார்கள்.

இந்த ஐம்பது வருஷம் என்ற எண்ணுக்காகவே சிகாகோவில் ஒரு பெரிய சண்டை நடந்தது. சார்லஸ் யெர்க்ஸ் என்று ஒரு டிராம் முதலாளி. பிலடெல்பியாவில் பணமோசடி வழக்கில் சிறைக்குப் போய்விட்டு, சிகாகோவுக்கு வந்து டிராம் கம்பெனிகளை ஒவ்வொன்றாகக் கைக்குள் கொண்டுவந்தவர். அந்த டிராம்களுக்கு 1883இல் கொடுத்த உரிமம் 20 வருஷத்துக்கு. 1903இல் முடியும். அதற்குள் நீட்டித்துக்கொள்ள வேண்டும். 1897இல் இல்லினாய்ஸ் மாநில சட்டசபையில் ஒரு சட்டம் நிறைவேறியது. நகர சபைகள் 50 வருஷம் வரை உரிமம் கொடுக்கலாம் என்றது அது. மிச்சம் இருந்தது சிகாகோ நகர சபையின் ஓட்டு மட்டும். அந்தச் சபையில் விலைக்குப் போகிற உறுப்பினர்களுக்கு ஊர் வைத்த பெயர் 'சாம்பல் ஓநாய்கள்'.

1898 டிசம்பரில் விஷயம் சபைக்கு வந்தது. மேயர் கார்ட்டர் ஹாரிசன் எதிர்த்து நின்றார். ஜனங்கள் பார்வையாளர் மாடத்தில் வந்து நிறைந்துவிட்டார்கள். சும்மா வரவில்லை, கையில் தூக்குக் கயிற்றோடு வந்தார்கள்! மேலேயிருந்து கயிற்றைத் தொங்கவிட்டுக் காட்டினால் கீழே உட்கார்ந்து ஓட்டுப் போடுகிறவர்களுக்கு எப்படியிருக்கும்? யெர்க்ஸ் தோற்றார். அடுத்த வருஷம் அந்த மாநிலச் சட்டமும் ரத்தானது. அவர் சிகாகோ சொத்துக்களை விற்றுவிட்டு லண்டனுக்குப் போய், அங்கே சுரங்க ரயில் கட்டுவதில் இறங்கினார். இன்று லண்டன் சுரங்க ரயிலில் போகிற நம் உறவுகள், அதன் சில பாதைகள் இந்த மனிதர் திரட்டிய பணத்தில் வந்தவை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

கயிறு ஒரு வழி. ஆனால் ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் ஊர் கயிற்றோடு கிளம்ப முடியுமா? கிளம்பாத ஊரில் என்ன நடந்தது என்பதற்கு சான் பிரான்சிஸ்கோ.

அங்கே 1906இல் மேயர் யூஜின் ஷ்மிட்ஸ். முன்பு தியேட்டரில் வயலின் வாசித்தவர், இசைக் கலைஞர் சங்கத்தின் தலைவர். அவரை நிற்க வைத்து ஜெயிக்க வைத்து, பின்னால் இருந்து நூல் பிடித்தவர் ஏப் ரூயஃப் என்ற வக்கீல். யுனைடெட் ரெயில்ரோட்ஸ் என்ற டிராம் கம்பெனிக்கு, தரைக்கடியில் கேபிள் இழுத்து ஓட்டும் பழைய முறையை விட்டுவிட்டு, தலைக்கு மேல் மின்கம்பி கட்டி ஓட்ட ஆசை. செலவு குறைவு. ஊரில் பலருக்கு அது பிடிக்கவில்லை, தெருவெல்லாம் கம்பி தொங்கும் என்று எதிர்த்தார்கள். ஏப்ரல் 18ஆம் தேதி அந்தப் பெரிய பூகம்பம் வந்தது, தீ பிடித்தது, ஊரே சாம்பலானது. ஜனங்கள் கூடாரத்தில் படுத்திருந்த மே மாதத்தில், நகர சபை மேல்கம்பிக்கு அனுமதி கொடுத்துவிட்டது. ரூயஃபுக்குப் போனது 2,00,000 டாலர். அதில் அவர் எடுத்துக்கொண்டது போக, சபை உறுப்பினர்களில் பெரும்பாலோருக்கு ஆளுக்கு 4,000.

பூகம்பத்தை விட எனக்கு இந்தத் தேதிதான் அதிக நடுக்கம் தருகிறது. ஊர் வீடிழந்து நிற்கும் நேரத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

பிறகு வழக்கு வந்தது. உறுப்பினர்கள் மன்னிப்பு வாங்கிக்கொண்டு வாயைத் திறந்தார்கள். 1908 நவம்பரில் அரசு வக்கீல் பிரான்சிஸ் ஹெனியை நீதிமன்றத்துக்குள்ளேயே ஒருவன் சுட்டான். பிழைத்துக்கொண்டார். அவருக்குப் பதிலாக வழக்கை எடுத்து நடத்தியவர் ஹைரம் ஜான்சன். ரூயஃபுக்கு 14 வருஷம் தண்டனை கிடைத்தது. ஆனால் பணம் கொடுத்த தரப்பில், கம்பெனித் தலைவர் பேட்ரிக் கால்ஹூன் மேல் குற்றம் கடைசிவரை நிரூபணமாகவில்லை. மேயர் ஷ்மிட்ஸ் மீதான தண்டனையை மேல்முறையீட்டில் தள்ளிவிட்டார்கள். பின்னாளில் அவரே தேர்தலில் நின்று அதே நகர சபையில் உறுப்பினராகவும் வந்து உட்கார்ந்தார். அந்த மேல்கம்பி? அப்படியே இருந்தது. டிராம் ஓடியது.

இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்கள், இதுதான் என் மாணவன் கேட்ட கேள்விக்கு முக்கியமான இடம். அமெரிக்க அரசியல் சட்டத்தில், ஒப்பந்தங்களைக் குலைக்கும் சட்டத்தை எந்த மாநிலமும் போடக்கூடாது என்று ஒரு பிரிவு இருக்கிறது. 1819இல் டார்ட்மத் கல்லூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை இன்னும் இறுக்கிவிட்டது. அதனால் ஒரு நகர சபை உரிமம் கொடுத்துவிட்டால் அடுத்த சபை வந்து "எங்களுக்குப் பிடிக்கவில்லை" என்று கிழித்துப் போடுவது சுலபமில்லை. கையெழுத்துப் போட்ட ஆளை இறக்கலாம். அவர் போட்ட கையெழுத்து இறங்காது.

இந்தச் சிக்கலை ஒரு டாக்டர் யோசித்தார். ஜான் ராண்டால்ஃப் ஹெய்ன்ஸ். பிலடெல்பியாவிலிருந்து 1887இல் லாஸ் ஏஞ்சலஸ் வந்து குடியேறியவர். வைத்தியத்திலும் நிலத்திலும் நன்றாகச் சம்பாதித்தவர், ஆனால் மனசு சமதர்மத்தின் பக்கம். அந்த நாளில் கலிபோர்னியா அரசியலைத் தன் கைக்குள் வைத்திருந்தது சதர்ன் பசிபிக் ரயில்வே. பத்திரிகைக் கார்ட்டூன்களில் அதை ஆக்டோபஸாகத்தான் வரைவார்கள். ஹெய்ன்ஸ் பல வருஷம் அலைந்து மூன்று விஷயங்களை நகரச் சாசனத்தில் சேர்க்க வைத்தார். ஜனங்களே சட்டம் கொண்டுவரலாம். சபை போட்ட தீர்மானத்தை ஜனங்கள் ஓட்டுக்கு இழுத்துத் தள்ளலாம். ஜெயித்தவரை நடுவிலேயே திரும்ப அழைக்கலாம். 1902 டிசம்பரில் ஊர் ஓட்டுப் போட்டது. திரும்ப அழைப்பதற்கு ஆதரவு நாலுக்கு ஒன்று என்ற கணக்கில். 1903 ஜனவரியில் மாநில சட்டசபை ஒப்புக்கொண்டது. அமெரிக்காவில் இந்த வழி முதலில் திறந்தது இந்த ஊரில்தான்.

முறை இப்படி. அந்தப் பதவிக்குப் போன தேர்தலில் விழுந்த ஓட்டில் 25 சதவீதம் பேர் மனுவில் கையெழுத்துப் போட வேண்டும். நகர எழுத்தர் ஒவ்வொரு கையெழுத்தையும் வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். சரியாக இருந்தால் தேர்தல். பதவியில் இருப்பவர் பெயரும் சீட்டில் இருக்கும், எதிர்ப்பவர் பெயரும் இருக்கும். யாருக்கு அதிகமோ அவர் மிச்ச காலத்துக்கு.

முதல் ஆள் 1904இல் சிக்கினார். ஆறாவது வார்டு கவுன்சிலர் டேவன்போர்ட். டிராம் இல்லை, ரயில் இல்லை. நகரத்தின் அச்சு வேலையை, குறைவாகக் கேட்டவர்கள் இருந்தும், லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் பத்திரிகைக்குக் கொடுக்க ஓட்டுப் போட்டார் என்பது புகார். அந்தப் பத்திரிகையோ தொழிற்சங்கங்களுக்குப் பரம எதிரி. அச்சுத் தொழிலாளர் சங்கம் வீடு வீடாக ஏறி இறங்கியது. செப்டம்பரில் தேர்தல் நடந்து டேவன்போர்ட் தோற்றார். ஆக முதல் திரும்ப அழைத்தலே பாதி நேர்மைக்காக, பாதி பழைய பகைக்காக. நான் பார்த்தவரை இரண்டும் கலக்காத ஒன்று அபூர்வம்.

1906இல் ஆற்றுப் படுகையில் ரயில் பாதை போட உரிமம் கொடுக்க கவுன்சிலில் பெரும்பான்மை தயாரானபோது, திரும்ப அழைப்போம் என்ற பேச்சு எழுந்ததுமே பின்வாங்கினார்கள். அங்கே மனு ஓட்டு வரை போகவே தேவைப்படவில்லை. வீட்டில் பிரம்பை மூலையில் சாத்தி வைத்தாலே போதும் என்பது போல. (நான் பிரம்பு பயன்படுத்தியது குறைவு. மறுப்பவர்கள் கருத்துப் பகுதியில் எழுத வேண்டாம்.)

1909இல் மேயரே. ஆர்தர் ஹார்ப்பர். சூதாட்ட விடுதிக்காரர்களுக்கும் மதுக்கடைக்காரர்களுக்கும் பாதுகாப்பு, அதற்குக் கைமாறாக உதவாக்கரைப் பங்குகளை அவர்கள் தலையில் கட்டியது என்று பத்திரிகைகள் எழுதின. மனு தயாரானது. தேர்தலுக்கு இரண்டு வாரம் முன்பு அவர் ராஜினாமா செய்தார். மார்ச் 26இல் நடந்த ஓட்டில் ஜார்ஜ் அலெக்சாண்டர், சோஷலிஸ்ட் வேட்பாளரைக் கொஞ்சம் ஓட்டில் முந்தி மேயரானார்.

அதற்குள் நெருப்பு பரவிவிட்டது. 1908இல் ஓரிகன் மாநிலம். ரூயஃபைச் சிறைக்கு அனுப்பிய ஹைரம் ஜான்சன் 1910இல் கலிபோர்னியா ஆளுநராக ஜெயித்து, 1911 அக்டோபரில் மாநிலம் முழுக்கக் கொண்டுவந்தார், நீதிபதிகளையும் சேர்த்து. இந்த நீதிபதி விஷயத்தில் ஜனாதிபதி டாஃப்டுக்குக் கோபம். அரிசோனா தனி மாநிலமாக வரக் கேட்டபோது, அதன் அரசியல் சட்டத்தில் நீதிபதியைத் திரும்ப அழைக்கலாம் என்று இருந்ததால் வீட்டோ போட்டார். அரிசோனாக்காரர்கள் தலையாட்டிவிட்டு அந்த வரியை எடுத்தார்கள். 1912 பிப்ரவரியில் மாநிலமானார்கள். அதே வருஷம் வரியைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள்! வகுப்பில் இதைச் சொன்னால் பையன்கள் கைதட்டுவார்கள்.

சியாட்டில் கதையையும் சொல்லாமல் விட முடியாது. 1910இல் மேயரானவர் ஹைரம் கில். (இவர் வேறு ஹைரம்.) அவர் காலத்தில் பீக்கன் குன்றில் 500 அறைகளோடு ஒரு விபசார விடுதி கட்டினார்கள். கட்டடம் பொதுத் தெருவின் மேல் நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கு நகர சபை அந்தத் தெருவை 15 வருஷக் குத்தகைக்குக் கொடுத்தது. பார்த்தீர்களா, மறுபடியும் தெருவும் வருஷமும்! அந்த நவம்பரில்தான் வாஷிங்டன் மாநிலத்தில் பெண்களுக்கு ஓட்டுரிமை வந்திருந்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் பெயர் பதிந்தார்கள். 1911 பிப்ரவரியில் கில்லை வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்று வருஷம் கழித்து, திருந்திவிட்டேன் என்று வந்து நின்றார். 1914இல் அவரையே மறுபடி மேயராக்கினார்கள்.

சரி, ஆளை இறக்க வழி வந்தது. காகிதத்தை என்ன செய்வது? அதற்கு ஹெய்ன்ஸின் இரண்டாவது விஷயம்தான் மருந்து. சபை தீர்மானம் உடனே அமலாகாமல் கொஞ்ச நாள் காத்திருக்க வேண்டும், அந்த நாட்களுக்குள் போதுமான கையெழுத்து வந்தால் ஊர் ஓட்டுக்குப் போக வேண்டும். சில இடங்களில் உரிம ஒப்பந்தம் என்றாலே நேராக ஜனங்களின் ஓட்டுக்குத்தான். கொலராடோவில் போல்டர் என்று ஒரு ஊர். எக்ஸெல் மின்சாரக் கம்பெனியோடு இருந்த ஒப்பந்தம் 2010இல் முடிந்தபோது புதுப்பிக்கவில்லை. மின்சாரத்தை நகரமே நடத்தலாம் என்று 2011இல் ஓட்டுப் போட்டார்கள். கோர்ட்டும் செலவுமாகப் பத்து வருஷம் போனது. 2020இல் களைத்துப்போய், அதே கம்பெனியோடு 20 வருஷ ஒப்பந்தத்துக்கு ஓட்டுப் போட்டார்கள். ஆனால் நடுவில் வெளியே வரும் வாசல்களை இந்த முறை எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

இன்னொரு மருந்து பொறுமை. சான் பிரான்சிஸ்கோவில் கியரி தெரு டிராம் உரிமம் 1903இல் காலாவதியானது. நகரம் அதை மறுபடி நீண்ட காலத்துக்கு எழுதிக் கொடுக்கவில்லை. பல தடவை ஓட்டு நடத்தி, பணம் திரட்டி, 1912 டிசம்பர் 28ஆம் தேதி அதே தெருவில் நகரத்தின் சொந்த டிராமை ஓட்டியது. பெரிய அமெரிக்க நகரங்களில் அதுவே முதல். ரூயஃபைப் பிடித்த வழக்கு செய்யாததை ஒரு காலாவதித் தேதி செய்தது.

கம்பெனிகள் மட்டும்தான் வில்லன் என்று நினைக்க வேண்டாம். 5 சென்ட் டிக்கெட் என்று எழுதி வைத்தார்களே, முதல் உலகப் போருக்குப் பிறகு சம்பளமும் எஃகும் விலை ஏறியபோது அந்த 5 சென்ட்டை ஏற்ற எந்தக் கவுன்சிலருக்கும் தைரியம் இல்லை. ஏற்றினால் அடுத்த தேர்தலில் தோல்வி. சாலையைச் செப்பனிடும் செலவும் கம்பெனி தலையில். அந்தச் சாலையில் மோட்டார் கார்கள் இலவசமாக ஓடின. எத்தனையோ டிராம் கம்பெனிகள் திவாலாயின. ஜனங்களைக் காக்க எழுதிய நிபந்தனை ஜனங்களின் டிராமையே தின்றது.

நம் நாட்டில் இது இல்லையா என்று கேட்பீர்கள். மத்தியப் பிரதேசத்திலும் சத்தீஸ்கரிலும் நகராட்சித் தலைவர்களுக்கு உண்டு. ஆனால் அங்கே மனுவை ஜனங்கள் தொடங்க முடியாது. கவுன்சிலர்களில் நாலில் மூன்று பங்கினர் கையெழுத்திட்டு ஆட்சியரிடம் கொடுக்க வேண்டும், பிறகுதான் ஜனங்களின் ஓட்டு. சீட்டில் ஒரு காலி நாற்காலி, ஒரு ஆள் உட்கார்ந்த நாற்காலி. 2008இல் சத்தீஸ்கரில் மூன்று தலைவர்களை இப்படி இறக்கினார்கள். தலைவரோடு சண்டை போட்ட கவுன்சிலர்கள் கையில் முதல் சாவி இருப்பது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

இப்போது நம் பையனின் காய்கறிக் கடைக்கு வருவோம். இன்றைய கலிபோர்னியச் சட்டப்படி, மனுவில் காரணத்தை 200 வார்த்தைக்குள் எழுத வேண்டும், கவுன்சிலரும் 200 வார்த்தைக்குள் பதில் சொல்லலாம். பதவியேற்ற முதல் 90 நாளில் கூடாது, பதவிக்காலம் ஆறு மாதத்துக்குள் முடிவதாக இருந்தாலும் கூடாது. ஊரில் எத்தனை வாக்காளர் என்பதைப் பொறுத்து 10 முதல் 30 சதவீதம் பேர் கையெழுத்து வேண்டும், சின்ன ஊருக்கு அதிக சதவீதம். காரணம் போதுமா போதாதா என்று எந்த நீதிமன்றமும் பார்க்காது, அது வாக்காளர் பாடு. பக்கத்து வாஷிங்டன் மாநிலத்தில் அப்படியில்லை. முறைகேடு செய்தார், பிரமாணத்தை மீறினார் என்ற குற்றச்சாட்டில் விஷயம் இருக்கிறதா என்று நீதிபதி பார்த்த பிறகுதான் கையெழுத்தே வாங்க முடியும். இந்த இரண்டில் எது நல்லது என்று என்னைக் கேட்டால், வாஷிங்டன் பக்கம்தான் சாய்வேன். பிடிக்காத ஓட்டுப் போட்டார் என்பதற்கு அடுத்த தேர்தல் இருக்கிறது. பணம் வாங்கிப் போட்டார் என்றால் அதுவரை காத்திருக்கக் கூடாது. என் வீட்டம்மா இதை ஒத்துக்கொள்ளவில்லை. "நாலு வருஷம் யார் பொறுத்துக்கிட்டு இருக்கிறது?" என்கிறார்.

தாளை நீட்டும் ஆளுக்குக் கையெழுத்துக்கு இவ்வளவு என்று கூலி கொடுப்பதும் அங்கே உண்டு என்பதை அவனுக்குச் சொன்னேன். அந்த அம்மாள் அப்படியா, நிஜமான கோபத்தோடு நிற்பவரா என்று எனக்கு எப்படித் தெரியும்? அவனிடம் மூன்று விஷயம் மட்டும் கேட்டேன். ஒப்பந்தம் எத்தனை வருஷத்துக்கு? நடுவில் வெளியே வர வாசல் இருக்கிறதா? அது ஊர் ஓட்டுக்குப் போகக் காத்திருக்கும் நாட்கள் முடிந்துவிட்டனவா? முடியவில்லையென்றால் கவுன்சிலரை இறக்கும் தாளை விட ஒப்பந்தத்தை நிறுத்தும் தாள்தான் அவசரம்.

"சார், நகராட்சி வெப்சைட்ல ஒப்பந்தம் 84 பக்கம் போட்டிருக்கு" என்று புதன்கிழமை மெசேஜ் அனுப்பினான். வரலாற்றுப் புத்தகத்தில் எட்டுப் பக்கம் படிக்காத பையன். இன்று காலை 31ஆம் பக்கத்தில் இருக்கிறானாம்.